ஈப்பர் துணி மண்டபம்: எது பழசு, எது புதுசு?

கேள்வி: பெல்ஜியத்தில் ஈப்பர் என்ற ஊரில் 700 வருடத்துத் துணிச்சந்தை ஒன்று மியூசியமாக இருக்கிறதாம். அது 1967-ல் கட்டி முடித்தது என்றும் படித்தேன். எது சரி? எங்களுக்கு எம்.சி. ரோட்டில் துணிக்கடை, அதனால்தான் கேட்கிறேன்.
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இரண்டுமே சரிதான். 1200 வாக்கில் தொடங்கிய கட்டடம் 1304-ல் முடிந்தது. நீளம் 125 மீட்டர். நடுவில் 70 மீட்டர் உயர மணிக்கூண்டு. இங்கிலாந்துக் கம்பளியை வாங்கி நெய்து விற்றுச் செழித்த ஊர் அது. அப்போது ஈப்பர்லே ஆறு மண்டபத்தை ஒட்டியே ஓடியதால், படகிலிருந்து மூட்டைகளை நேரே உள்ளே இறக்கினார்கள். துணித்தொழில் தண்ணீரைத் தேடிப்போய் உட்காரும் என்பதை வண்ணாரப்பேட்டைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

முகப்பைப் பார்க்கும்போது கதவுகளை எண்ணுங்கள். தரைத்தளத்தில் 48. அவை வழியாகத்தான் உள்ளே இருந்த கடைகளுக்குப் போனார்கள். நீளம், அகலம், நெசவு, சாயம் எல்லாம் சோதித்து, தேறிய துணிக்கு ஈய முத்திரை குத்தினார்கள். மாடி கிடங்கு. கம்பளி இருக்கும் இடத்துக்கு எலி வரும். எலிக்காகப் பூனை வளர்த்தார்கள். அந்தப் பூனைகளையே மணிக்கூண்டிலிருந்து கீழே எறியும் கொடிய வழக்கமும் 1817 வரை இருந்தது. இப்போது எறிவது பொம்மைப் பூனைகளை.

1914 நவம்பர் 22-ல் ஜெர்மன் குண்டுகள் விழுந்தன. பழுதுபார்ப்புக்காகக் கோபுரத்தைச் சுற்றி மரச்சாரம் கட்டியிருந்த சமயம் அது. சாரம் பற்றிக்கொள்ள, கூரையும் எரிந்தது. அடுத்த நான்கு ஆண்டு குண்டுவீச்சில் மிஞ்சியவை கோபுரத்தின் அடிப்பகுதியும் சில சுவர்களும் மட்டுமே. இடிபாட்டை அப்படியே நினைவுச்சின்னமாக விட வேண்டும் என்று சர்ச்சில் வாதாடினார். ஊர்க்காரர்கள் சம்மதிக்கவில்லை. போருக்கு முன்பே மண்டபத்தைப் பழுதுபார்த்துவந்த நகரக் கட்டடக் கலைஞர் யூல் கூமன்ஸுக்குக் கட்டடத்தின் ஒவ்வொரு அங்கமும் அத்துப்படி. அதனால்தான் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்ப முடிந்தது. போருக்குப் பின் தொடங்கிய அந்த வேலை 1967-ல்தான் முடிந்தது. வெறும் நகல் என்று இதை ஒதுக்குவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அளவும் அமைப்பும் இடமும் பழையவையே.

கேள்வி: ஒரே நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?
– வாசகர், காலடிப்பேட்டை

பதில்: ரயில் நிலையப் பலகையில் ஃபிளெமிஷ் பெயரான ‘ஈப்பர்’ என்றுதான் இருக்கும், ‘ஈப்ர்’ என்பது பிரெஞ்சுப் பெயர். மண்டபத்தில் 1998 முதல் இயங்கும் ‘இன் ஃபிளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்’ முதல் உலகப்போர் மியூசியத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மணிக்கூண்டில் 231 படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். அந்தப் போரில் மாண்டு, கல்லறை தெரியாமல் போன பிரிட்டிஷ் பேரரசு வீரர்களின் பெயர்களைப் பொறித்த நினைவு வளைவு மெனின் வாயில். இரவு 8 மணிக்கு அங்கே அஞ்சலி எக்காளம் ஊதுவார்கள். சற்று முன்னதாகவே போய், சுவரில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களைத் தேடிப் பாருங்கள்.