2.67 லட்சம் மானியத்தை நம்பி டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் கொளத்தூரில் 11,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். கைக்கு எனக்கு 38,000, மனைவிக்கு 24,000 சம்பளம் வருகிறது. சேமிப்பு 8 லட்சம். ஆவடிப் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் 34 லட்சத்துக்கு ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட் பார்த்தோம். கார் பார்க்கிங்குக்குத் தனியாக 3 லட்சம், அதுவும் ரொக்கமாக. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் 2.67 லட்சம் மானியம் உறுதி, இந்த வாரமே 1 லட்சம் டோக்கன் போடுங்கள் என்கிறார் புரோக்கர். திருவண்ணாமலைப் பக்கம் அப்பா பெயரில் தளம் போட்ட வீடு இருக்கிறது. அதில் பாதியை என் பெயருக்கு எழுதித் தருவதாகச் சொல்கிறார். எங்களுக்கு மானியம் கிடைக்குமா?

பதில்: முதலில் டோக்கனை நிறுத்துங்கள். அந்த 2.67 லட்சம் பழைய திட்டத்தின் கணக்கு. ஆண்டு வருமானம் 6 லட்சத்துக்குள் இருந்தவர்களுக்கான உச்சத்தொகை அது. 2022 மார்ச் 31-ஓடு முடிந்துவிட்டது. புரோக்கர்கள் மட்டும் இன்னும் அந்தப் பழைய நோட்டீஸை வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள்.

இப்போது இருப்பது 2024 செப்டம்பர் 1-ல் தொடங்கிய பி.எம்.ஏ.ஒய். நகர்ப்புறம் 2.0, அதாவது அதே பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் புதிய வடிவம். அதில் உங்களுக்குப் பொருந்துவது வட்டி மானியப் பிரிவு. குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை இருக்கலாம். உங்களுடையது சுமார் 7.44 லட்சம், ஆகவே உள்ளே வருகிறீர்கள். வீட்டின் மதிப்பு 35 லட்சத்தையும் கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4% வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம். அதுவும் மொத்தமாக வராது. ஐந்து ஆண்டுத் தவணைகளாக, ஆண்டுக்கு 36,000 வீதம் வரும். ஒவ்வொரு முறையும் கடன் நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். இடையில் பெரிய தொகையாகக் கட்டிக் கடனை இறக்க நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே தகுதி இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். மானியத்துக்காகக் கடனை 25 லட்சத்தில் நிறுத்தினால் மீதி 9 லட்சம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சம் வரை, முத்திரைத் தீர்வை 4%, பதிவுக் கட்டணம் 2%. 34 லட்சத்துக்கு அது 2.04 லட்சம். கட்டுமானத்தில் இருப்பதால் ஜி.எஸ்.டி. 1%, அதாவது 34,000. இந்த 1% கூட கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு, 60 சதுர மீட்டருக்குள், சுமார் 645 சதுர அடிக்குள், இருந்தால்தான். தாண்டினால் 5%, 1.70 லட்சம். நோட்டீஸில் பெரிதாகப் போட்டிருக்கும் சதுர அடி பெரும்பாலும் சுவரும் படிக்கட்டு போன்ற பொது இடமும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். குறைந்தபட்சக் கணக்கே 11.38 லட்சம் ஆகிறது. உங்களிடம் 8 லட்சம். துண்டு விழும் 3.38 லட்சத்தை ஐந்து வருடம் கழித்து முழுதாகச் சேரும் 1.80 லட்சம் அடைக்காது.

கடனை 28 லட்சமாக்கலாமே என்பார்கள். மானியம் முழுதாகப் போய்விடும். 8.5% வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை 21,700-க்குப் பதில் 24,300 ஆகும். போதாததற்கு வீடு கைக்கு வரும் வரை வட்டியும் வாடகையும் சேர்ந்து கட்ட வேண்டும்.

அந்த ரொக்க 3 லட்சத்தைத் தொடவே தொடாதீர்கள். சேர்த்தால் வீடு 37 லட்சம், வரம்பு தாண்டிவிட்டது. அதை மறைக்கத்தான் தனியாகக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வீடு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தவறு. அப்புறம், உங்களிடம் கார் இருப்பதாகக் கடிதத்தில் எங்கும் இல்லையே!

வீட்டுக் கடனுக்கு வருமான வரிச் சலுகை என்றும் சொல்லியிருப்பார்கள். உங்கள் இருவர் சம்பளத்துக்கும் புதிய வரி முறையில் வரியே கிடையாது. இல்லாத வரியில் என்ன சலுகை?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அம்பத்தூர், பட்டாபிராம், ஆவடியில் எட்டு பத்து வருடப் பழைய ஃபிளாட்டாகப் பார்ப்பேன். பழைய வீடு வாங்கவும் இந்த மானியம் உண்டு. 28.5 லட்சத்துக்குப் பேசி முடிந்தால், 25 லட்சம் கடன் போக 3.5 லட்சம், பழைய வீடு என்பதால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9% என்று சுமார் 2.57 லட்சம். ஜி.எஸ்.டி. இல்லை. மொத்தம் 6.07 லட்சம். அவசரத்துக்கு ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் கையில் மிஞ்சும், சாவி வாங்கிய மாதமே வாடகையும் நிற்கும். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90% வரை தர ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனால் பழைய கட்டடத்தை வங்கி குறைவாக மதிப்பிடலாம். ஆகவே அட்வான்ஸுக்கு முன்பே வங்கியிடம் வாய்மொழியாகவாவது கேட்டுவிடுங்கள். வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், மனையில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, மூன்றையும் ஒரு வக்கீல் பார்க்கட்டும். பத்திரம் இருவர் பெயரிலும் இருக்கட்டும்.

அப்பாவின் வீடு இன்றைக்குத் தடையில்லை. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள்தான். ஆனால் இந்தியாவில் எங்காவது உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ கான்கிரீட் வீடு வந்துவிட்டால் தகுதி போய்விடும். பாதி வீட்டை எழுதித் தரும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிப் போடச் சொல்லுங்கள், அப்பா புரிந்துகொள்வார்.