வெளிநாட்டு நிறுவனம் நம் அரசை வெளிநாட்டில் வழக்குக்கு இழுக்கிறது. குடிமக்களால் ஏன் முடியாது?

இதைக் கேட்கும்போது வரும் கோபம் நியாயமானதுதான். காரணம், இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தம். "உன் நாட்டவர் இங்கே போடும் பணத்துக்கு அநியாயம் செய்ய மாட்டேன், தகராறு வந்தால் பொது நடுவர்கள் தீர்க்கட்டும்" என்று இரு நாடுகள் எழுதிக்கொள்வது அது. உள்ளூர் நீதிமன்றம் உள்ளூர் அரசின் பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற முதலீட்டாளரின் பயத்தைப் போக்கினால் பணம் வரும் என்பது கணக்கு.

குடிவருபவரிடம் வாடகைப் பத்திரம் போடுகிறோம்; வீட்டுப் பிள்ளைகளிடம் போடுவதில்லை, அல்லவா? குடிமக்கள் நிலை அந்தப் பிள்ளைகளின் நிலை. அவர்களுக்கு உள்நாட்டு நீதிமன்றம் மட்டும்தான்.

2012-ல் இந்தியா முன்தேதியிட்டு, அதாவது ஏற்கெனவே முடிந்துபோன பரிவர்த்தனைகளுக்கும் வரி விதிக்கச் சட்டத்தைத் திருத்தியது. அந்த வரிக்கு ஆளான பிரிட்டன் எண்ணெய் நிறுவனமான கெய்ர்ன் நடுவர் மன்றம் போனது. 2020 டிசம்பரில் அதற்கு இந்தியா சுமார் 120 கோடி டாலர் தரச் சொல்லித் தீர்ப்பு. அப்புறம் பாரிசில் இருந்த இந்திய அரசுக் கட்டடங்களை முடக்கவே கெய்ர்ன் நீதிமன்ற உத்தரவு வாங்கியது. 2021 ஆகஸ்டில் அரசு அந்த வரியைக் கைவிட்டது. முன்தேதி வரி தவறுதான். ஆனால் அதே வேகம் சாதாரண மனிதனின் மனுவுக்கும் வேண்டும்.

நடுவர் மன்றம் நம் சட்டத்தை ரத்து செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, பெரும்பாலும் இழப்பீடு தரச் சொல்லும், அவ்வளவுதான். சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றமே.