அப்பாவுக்கு டி.பி. வந்திருக்கிறது, மூன்று வயதுப் பிள்ளையை எங்கே வைப்பது?

கேள்வி: திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. என் கணவர் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறார். இரண்டு மாதமாக இருமிக்கொண்டே இருந்தார். சளி டெஸ்ட்டில் நுரையீரல் டி.பி. என்று வந்து, பத்து நாளாக மாத்திரை சாப்பிடுகிறார். தட்டு, டம்ளர் எல்லாம் அவருக்குத் தனியாக வைத்துவிட்டோம். மூன்று வயது மகளை ஆறு மாதத்துக்கு ஆண்டிபட்டியில் என் அம்மா வீட்டில் விட்டுவிடச் சொல்கிறார் மாமியார். பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்வது?

பதில்: பிள்ளையை ஆண்டிபட்டிக்கு அனுப்ப வேண்டாம் அம்மா. ஆனால் இந்த வாரமே அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

டி.பி. கிருமி தட்டில் ஏறி வராது, துணியில் ஒட்டியும் வராது. நுரையீரல் டி.பி. உள்ளவர் இருமும்போதும், உரக்கப் பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் வெளியே வருகின்றன. பெரிய துளி கீழே விழுந்துவிடும். மிகச் சிறியது விழாது. ஓட்டு இடுக்கில் வரும் வெயில் கீற்றில் தூசி மிதப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதைவிடச் சிறியதாக, மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அந்தக் காற்றை நாள் கணக்கில் மூச்சில் இழுப்பவருக்குத்தான் ஆபத்து.

செல்லூர் பக்கம் ஒரு லைன் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். நோயாளியின் தட்டில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்து, வாசலுக்கு வெளியே கவிழ்த்து வைத்திருந்தார்கள். உள்ளே போனால் ஒரே அறை. கொசு வருகிறதென்று ஒரே ஜன்னலையும் அரிசிச் சாக்கால் அடைத்திருந்தார்கள். அந்த அறையில்தான் அவரும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தச் சாக்கை எடுத்துப் போட்டிருந்தால் நூறு தட்டைப் பிரித்து வைப்பதைவிடப் பலன் இருந்திருக்கும்.

அதனால் தட்டைப் பிரிக்காதீர்கள். ஜன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள். இன்னும் சில வாரத்துக்கு அவர் திண்ணையிலோ காற்றோட்டமான இடத்திலோ படுக்கட்டும், பிள்ளை அவர் பக்கத்தில் படுக்க வேண்டாம். இருமும்போது வாயைத் துணியால் மூடட்டும், வீட்டுக்குள் மாஸ்க் போட்டால் இன்னும் நல்லது. மருந்து சரியாகப் போகிறது என்றால் ஒட்டும் தன்மை வேகமாகக் குறைந்துவிடும்.

நம் ஊர்ப் பக்கம் ஒரு காலத்தில் டி.பி. என்றாலே 'தோப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள்' என்பதுதான் பேச்சு. டி.பி. ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் 1956இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி மையம் ஒன்று, ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினரை, டி.பி. நோயாளிகளைத் தனியாகத் தங்கவைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரியான சானடோரியத்தில் சேர்த்தும், மற்றவர்களை நெருக்கடியான அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தது. முடிவு 1959இல் வெளிவந்தது. வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. உலகமே சானடோரியங்களை மூடியதில் நம் சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. நாம்தான் இன்னும் பிள்ளையை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது பிள்ளை விஷயம். அவர் இருமிய இரண்டு மாதமும் அவள் உங்கள் வீட்டில்தானே இருந்தாள்? கிருமி உள்ளே போயிருந்தால் அப்போதே போயிருக்கும். இனி அவளை ஆண்டிபட்டிக்கு அனுப்பினால், அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. ஆண்டிபட்டி தேனி மாவட்டம். அங்கே போய்க் கேட்டால், அப்பாவின் பதிவு மதுரை மாவட்டத்தில் இருக்கிறது, அங்கேயே பாருங்கள் என்பார்கள். இங்கே கேட்டால், பிள்ளை இங்கே இல்லையே என்பார்கள். இந்தப் பந்தாட்டத்தை நிறையப் பார்த்துவிட்டேன்.

நுரையீரல் டி.பி. உள்ளவர் வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால், நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வராமல் தடுக்க மாத்திரை கொடுக்க வேண்டும். பெரும்பாலும் ஐசோனியாசிட் மாத்திரை, எடைக்குத் தக்க அளவு, தினமும், ஆறு மாதம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். கணவருக்கு அட்டை போட்ட அன்றே வீட்டில் சின்னப் பிள்ளை உண்டா என்று உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். பத்து நாளாகியும் கேட்கவில்லை என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நீங்களே போய்க் கேளுங்கள். பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. தழும்பு இருக்கிறதே என்று யாராவது திருப்பி அனுப்பினால் கேட்காதீர்கள். அந்த ஊசி மூளைக்காய்ச்சல் மாதிரி கடுமையான டி.பி.யிலிருந்துதான் பிள்ளையைக் காக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் மனதில் வையுங்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே நோய் வந்திருந்தால் இந்தத் தடுப்பு மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. முழு நோயை ஒற்றை மருந்தால் அடித்தால், பலவீனமான கிருமி செத்து, அந்த மருந்துக்கு மசியாத கிருமி மட்டும் தங்கிப் பெருகும். அப்புறம் நல்ல மருந்து ஒன்று வீணாகிவிடும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது: இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ இருக்கிறதா, எடை ஏறாமல் நிற்கிறதா, கழுத்தில் கட்டி தெரிகிறதா, ஓடி விளையாடிய பிள்ளை சோர்ந்து உட்கார்ந்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் முதலில் எக்ஸ்ரே, பரிசோதனை. சின்னப் பிள்ளைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால் வெறும் வயிற்றில் சின்னக் குழாய் விட்டு எடுத்துப் பார்ப்பார்கள். பயப்படாதீர்கள். மதுரை பெரியாஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் கேட்கலாம்.

இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறவர்கள் வருவார்கள். எதற்கு அலைச்சல், பிள்ளைக்கு ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் டி.பி. இருக்கா இல்லையா என்று சொல்லிவிடுவோம் என்பார் லேபுக்கு ஆள் பிடிக்கிறவர். கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் பார்த்து டி.பி.யைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் அந்த இரத்தப் பரிசோதனைகளை மத்திய அரசு 2012லேயே தடை செய்துவிட்டது. இல்லாத நோயை இருக்கிறது என்றும், இருப்பதை இல்லை என்றும் சொல்லும் பரிசோதனை அது. பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்த ஆள் பணத்துக்கு வருவார். சிகிச்சை முடியும் வரை நோயாளியின் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. 2024 நவம்பருக்கு முன்பு 500தான். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். 'நான் வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு' என்று ஒருவர் ஆதார் நகலும் ஓடிபியும் கேட்பார். கொடுக்காதீர்கள். பணம் தாமதமாக வருவது உண்மை. மாத்திரை முடிந்த பிறகு பணம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முட்டை வாங்க வேண்டிய நேரத்தில் வராத பணம் யாருக்கு? ஆனாலும் அதற்குத் தரகர் தேவையில்லை. ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று வங்கியில் பார்த்து, டி.பி. பிரிவில் அந்தக் கணக்கைப் பதியச் சொல்லுங்கள்.

கணவருக்கு ஒன்று சொல்லுங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மாத்திரையின் நிறம். சில வாரங்களில் இருமல் குறையும், உடம்பு தேறும். அப்போதுதான் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். ஆறு மாதமும் சாப்பிட வேண்டும்.

போகும்போது அவருடைய சிகிச்சை அட்டையையும் பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள். அவரும் அந்த வீட்டுக் காற்றைத்தானே சுவாசித்தார்? நீங்களும் அவரும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அவருக்குச் சர்க்கரை இருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.