போர்ட் இல்லை எண்டு சொன்னா அதோட விடாதீங்கோ

வெள்ளவத்தை ஃப்ளாட்டில கீழ் வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் இருக்கு, எனக்கு மட்டும் லைன் குத்துற போர்ட் இல்லையெண்டு கம்பனி சொல்லுது, 4ஜி ரவுட்டர் இரவில இழுக்குது எண்டு எழுதியிருந்தீங்கள். பம்பலப்பிட்டியில எனக்கும் இதே கதைதான், ஆறு மாசம் அலைஞ்சன். ரோட்டுப் போஸ்ட்டில தொங்குற கறுப்புப் பெட்டிக்குள்ள, ஒரு ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டரில பெரும்பாலும் 8 இல்லாட்டி 16 வாய்தான் இருக்கும், நிரம்பினா நிரம்பினதுதான், ஆனா வீடு மாறிப் போன ஆக்களின்ட பழைய வயர் கழட்டாம அதிலயே குத்தினபடி கிடக்கும், கம்பனியிட்ட ஆளை அனுப்பித் திறந்து பார்க்கச் சொல்லுங்கோ, எனக்கு அப்பிடித்தான் லைன் கிடைச்சது. ஃபோனில கதைச்சு வேலையில்லை, ஈமெயில் போட்டு ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குங்கோ, பதில் வராட்டி அந்த நம்பரோட தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதுங்கோ. அதுவரைக்கும் ரவுட்டரை டிவிக்குப் பின்னால வைக்காம ஜன்னலோரம் வைச்சுப் பாருங்கோ.