ஓய்வுக்காலப் பணத்தில் மாதம் எவ்வளவு எடுக்கலாம்? மும்பை வாசகர்களின் கேள்விகள்

மாட்டுங்கா வாசகர்: வயது 62. பென்ஷன் கிடையாது. சேமிப்பு 80 லட்சமும் ஈக்விட்டி (பங்குகளில் போடும்) மியூச்சுவல் ஃபண்டில் இருக்கிறது. எஸ்.டபிள்யூ.பி. (மாதாமாதம் தேவையான அளவு யூனிட்டைத் தானாக விற்றுப் பணம் தரும் வசதி) போட்டு மாதம் 50,000 ரூபாய் எடுக்கலாமா?

இப்படியே வேண்டாம். ஆண்டுக்கு 6 லட்சம் என்பது உங்கள் பணத்தில் 7.5%. பணம் 30 ஆண்டுகள் தாங்க வேண்டுமானால் முதல் ஆண்டில் 4% அளவுக்கு எடுக்கலாம், பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தலாம் என்று அமெரிக்க ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் கணக்கிட்டார். அது அந்நாட்டுச் சந்தைக் கணக்கு, நமக்கு வேதவாக்கு அல்ல. ஆனாலும் 7.5% எங்கே, 4% எங்கே!

அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது சந்தைச் சரிவு. 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், மார்ச் 23-இல் 26,000-க்கும் கீழே முடிந்தது. யூனிட் விலை 100 ரூபாயாக இருக்கும்போது 500 யூனிட் விற்றால் உங்களுக்கு 50,000 கிடைக்கும். அதுவே 62 ரூபாயானால் 800 யூனிட்டுக்கு மேல் விற்க வேண்டும். சந்தை பிறகு மீண்டாலும் விற்ற யூனிட் விற்றதுதான். ஓய்வுபெற்ற முதல் சில ஆண்டுகளில் இப்படி நேர்ந்தால் பள்ளத்தை அடைப்பது மிகக் கடினம்.

மாதம் 40,000 ரூபாயில் குடும்பம் நடத்த முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். முடியுமென்றால் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். ஒருவருக்கு உச்சவரம்பு அதுதான். 2025-இல் இருந்த 8.2% வட்டிப்படி காலாண்டுக்கு 61,500, அதாவது மாதம் 20,500 ரூபாய் வரும். மீதி 19,500-க்கு மூன்று ஆண்டுத் தேவை சுமார் 7 லட்சம். அதை லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும், ஏற்ற இறக்கம் குறைந்த ஃபண்ட்) வைத்து, எஸ்.டபிள்யூ.பி.யை அங்கிருந்து போடுங்கள். எஞ்சிய 43 லட்சம் ஈக்விட்டியில் வளரட்டும். சந்தை நன்றாக இருக்கும் ஆண்டில் கொஞ்சம் விற்று லிக்விட் ஃபண்டை நிரப்புங்கள், சரிந்த ஆண்டில் தொடாதீர்கள். ஈக்விட்டியிலிருந்து மொத்தமாக எடுக்கும்போது லாபத்துக்கு வரி உண்டு என்பதால், இந்த மாற்றத்தை இரண்டு நிதியாண்டுகளில் பிரித்துச் செய்வது நல்லது.

டோம்பிவிலி வாசகி: மாதாமாதம் டிவிடெண்ட் தரும் ஃபண்டில் முதல் கரையாது என்கிறார் ஏஜென்ட். உண்மையா?

உண்மை இல்லை. டிவிடெண்ட் கொடுத்த அன்றே யூனிட் விலை அந்த அளவுக்குக் குறையும், உங்கள் பணமே உங்களிடம் வருகிறது. எவ்வளவு, எப்போது என்பதை ஃபண்ட் நிறுவனம்தான் முடிவு செய்யும். 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்ட் முழுவதும் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படுகிறது. எஸ்.டபிள்யூ.பி.யில் லாபப் பகுதிக்கு மட்டுமே வரி. மொத்தமாகப் போட்ட 5 லட்சம் 6 லட்சமாக வளர்ந்திருக்கிறது, 30,000 எடுக்கிறீர்கள் என்றால் அதில் லாபம் 5,000 மட்டுமே. ஓராண்டு கடந்த ஈக்விட்டி யூனிட் என்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5%.

செம்பூர் வாசகர்: எங்கள் குடியிருப்பு சொசைட்டி ரீடெவலப்மென்டுக்குப் போகிறது, பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். பில்டர் வீட்டுக்காரர்களுக்கு மொத்தமாகத் தரும் கார்ப்பஸ் தொகையை மகன் வீடு வாங்கக் கேட்கிறான். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். லிஃப்ட், ஜெனரேட்டர், கார் நிறுத்துமிடம் என்று புதிய கட்டடத்தின் மெயின்டனன்ஸ் பழையதைவிட அதிகமாகத்தான் இருக்கும். அதைச் சமாளிக்கவே அந்தத் தொகை. மகனுக்கு வங்கி கடன் தரும், உங்களுக்கு இந்த வயதில் யார் தருவார்கள்? பணத்தை ஒரே கூட்டுறவு வங்கியிலும் குவிக்க வேண்டாம். ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியையும் சேர்த்து 5 லட்சம் வரை மட்டுமே காப்பீடு உண்டு.

முலுண்ட் வாசகர்: வயது 74. எல்லா ஃபண்டும் என் பெயரில் மட்டும் இருக்கிறது. மனைவி நாமினி. இது போதுமா?

போதாது. உங்களுக்குப் பின் எஸ்.டபிள்யூ.பி. நின்றுவிடும். பணம் அவர் பெயருக்கு மாறும்வரை வீட்டுச் செலவுக்கு வழி வேண்டும். ஆறு மாதச் செலவை இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கில் இப்போதே வையுங்கள். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், உரிமை வாரிசுகளுக்கு. ஆகவே உயில் எழுதுங்கள். ஃபோலியோ எண்கள் (ஃபண்ட் கணக்கு எண்கள்), வங்கி விவரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் தமிழில் எழுதி அவர் கையில் கொடுங்கள். அடுத்த முறை பணம் எடுப்பதற்கான படிவத்தை அவரையே நிரப்பச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.