பாவத்தை அறிக்கை செய்தால் போதுமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஐயா, பல வருடங்களுக்கு முன் வேலை பார்த்த கடையில் கல்லாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் எடுத்தேன். ஜெபத்தில் அறிக்கை செய்துவிட்டேன். முதலாளி இப்போது உயிரோடு இல்லை. அந்தத் தொகையைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடலாமா?

போடாதீர்கள், தம்பி. முதலாளிக்குப் பிள்ளைகள் இருந்தால் அது அவர்கள் பணம். எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் இதற்கு வழியே சொல்கிறது: பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, நஷ்டப்பட்டவனுக்குக் கொடுக்க வேண்டும். 10,000 எடுத்திருந்தால் 12,000. வாங்கிக்கொள்ள உறவுக்காரர் யாருமே இல்லாதபோதுதான் அது ஆசாரியனிடம் போகும். நீங்கள் கடைசியில் வருவதை முதலிலேயே கேட்கிறீர்கள். பெட்டியில் போட்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாமே!

அதெல்லாம் பழைய நியாயப்பிரமாணம் என்பார்கள். சரி, லூக்கா 19-இல் வரும் வரிவசூல்காரன் சகேயு? அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றான். ஆட்டைத் திருடி அடித்தவனுக்கும் விற்றவனுக்கும் யாத்திராகமம் 22 விதித்த அளவு அது. இயேசு கேட்காமலே அவனாகச் சொன்னான். மொத்தமாக முடியாவிட்டால் தவணை கேளுங்கள். வழக்கு வருமோ என்று பயமிருந்தால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அதையே சாக்காக்கி இழுத்தடிக்க வேண்டாம்.

சாட்சி நேரத்தில் சபை முன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

வேண்டாம், சிஸ்டர். யாருக்கு விரோதமாகச் செய்தீர்களோ அவரிடம் போங்கள். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16-க்கு நம்பகமான ஒருவர் போதும். உங்கள் பாவத்தில் இன்னொருவரும் இருந்தால், மைக்கில் அவர் மானத்தை வாங்க உங்களுக்கு உரிமை கிடையாது. சபைப் பணத்தில் கை வைத்தவர் மட்டும் சபையிடம்தான் சொல்ல வேண்டும்.

ராஜாக்களான சவுலும் தாவீதும் இருவருமே “பாவம் செய்தேன்” என்றார்கள். என்ன வித்தியாசம்?

1 சாமுவேல் 15-ஐ வாசியுங்கள். ஆடுமாடுகளைக்கூட விடாமல் அமலேக்கியரை அழிக்கச் சொன்ன தேவ கட்டளையை மீறிவிட்டு, சவுல் முதலில் அதை நிறைவேற்றினேன் என்கிறான், அப்புறம் ஜனங்கள் மேல் பழி போடுகிறான். பாவம் செய்தேன் என்று ஒத்துக்கொண்ட பிறகும், மூப்பர்கள் முன்னால் என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறான். அவன் கவலை அது! இன்னொருவன் மனைவியை எடுத்து, அவனையும் கொல்லவைத்த தாவீதோ, தீர்க்கதரிசி நாத்தான் கண்டித்தபோது ஒரு சாக்கும் சொல்லவில்லை. மன்னிப்பும் கிடைத்தது, அந்த உறவில் பிறந்த பிள்ளையும் இறந்தது. அறிக்கை செய்தால் விளைவு வராது என்று யாராவது பிரசங்கித்தால் நம்பாதீர்கள்.

அண்ணே, ராத்திரியில் போனில் பார்க்கக் கூடாததைப் பார்க்கிறேன். அழுது ஜெபித்த மறுவாரமே திரும்பவும். என் மனந்திரும்புதல் பொய்யா?

அப்படி முடிவு கட்டாதே, தம்பி. ஒரே நாளில் ஏழுதரம் வந்து மனஸ்தாபப்பட்டாலும் மன்னியுங்கள் என்று நமக்குச் சொன்னவர் (லூக்கா 17:4) உன்னைத் தள்ளிவிட மாட்டார். ஆனால் அழுகையை வைத்து மனந்திரும்புதலை அளக்காதே. இன்றைக்கே போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு வந்து படு.