மாணவர்களும் குருதிக்கொடையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் கல்லூரியில் உயிரியல் கற்பிக்கிறேன். என் மாணவர்கள் ரத்தப் பிரிவுகளைப் பிழையின்றிச் சொல்கிறார்கள். ரத்த தானம் உயர்ந்த செயல் என்பதிலும் அவர்களுக்கு ஐயமில்லை. ஆனால் இதுவரை கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால் மூன்று, நான்கு கைகளே உயர்கின்றன. விழிப்புணர்வு போதவில்லையா? கொடுப்பவர்களுக்கு வருகைப்பதிவில் சலுகை தரலாம் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆசிரியை)

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவர்களுக்குக் குருதியைப் பற்றித் தெரிந்திருக்கிறது. குருதி கொடுப்பதைப் பற்றித் தெரியவில்லை. லாண்ட்ஸ்டைனர் என்ற மருத்துவ அறிஞர் 1901-இல் ரத்தப் பிரிவுகளை வகுத்துக் காட்டினார் என்பது தேர்வுக்கு உதவும். ஊசி எவ்வளவு நேரம் கையில் இருக்கும், எழுந்ததும் தலை சுற்றினால் என்ன செய்வது என்பவையே அந்த வயதில் ஒருவரைத் தயங்கவைக்கும் கேள்விகள். பயந்தவர் என்ற பெயர் வந்துவிடுமே என்று அவற்றை யாரும் வகுப்பில் கேட்பதில்லை.

கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் குருதி இருக்கிறது. எடுப்பது 350 அல்லது 450 மில்லிலிட்டர், அதற்கு ஆகும் நேரம் பத்து நிமிட அளவு. நீர்ப்பகுதி ஓரிரு நாளிலும் சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் ஈடாகிவிடும். இரும்புச்சத்து மீளக் கூடுதல் காலம் வேண்டும் என்பதால்தான் அடுத்த கொடைக்குச் சில மாதங்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள். மயக்கம் வரவே வராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதன்முறை கொடுக்கும் இளையோரிடம்தான் அது அதிகம். முன்னதாக அரை லிட்டர் தண்ணீர் குடிப்பதும், படுத்திருக்கையில் கால் தசைகளை இறுக்கித் தளர்த்துவதும் அதைக் குறைக்கும்.

நான் முதன்முறை சென்றபோது, ஹீமோகுளோபின் குறைவு என்று ஒற்றை வரியில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது சரிசெய்யக்கூடிய குறை, பிறகு வரலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் அடுத்த ஆறு ஆண்டுகள் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருக்க மாட்டேன். உங்கள் மாணவியரில் சிலருக்கும் இது நேரலாம். முன்பே சொல்லி வையுங்கள்.

வருகைப்பதிவுச் சலுகை வேண்டவே வேண்டாம். எடுத்த குருதியைப் பரிசோதிக்கிறார்கள் என்றாலும், தொற்று ஏற்பட்ட புதிதில் எந்தச் சோதனையிலும் அது தென்படாத நாட்கள் சில உண்டு. அந்த நாட்களில் நோயாளிக்குக் காவலாக இருப்பது, கொடைக்கு முன் உடல்நலம் பற்றித் தரும் கேள்வித்தாளில் கொடுப்பவர் எழுதும் உண்மையான விடைதான். சலுகை கைநழுவிப் போகும் என்ற நிலையில் அந்த விடையை மறைக்கத் தோன்றும்.

கையுயர்த்திய அந்த மூன்று, நான்கு பேரை வகுப்பில் பேசச் சொல்லுங்கள். அடுத்த முறை ஆளுக்கொரு நண்பரைத் துணைக்கு அழைத்துப் போகட்டும். சிவப்பணுக்களை 42 நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது, குருதி உறைய உதவும் தட்டணுக்கள் ஏறத்தாழ 5 நாட்களே தாங்கும்; ஆகவே ஆண்டுக்கொரு பெரிய முகாமைவிட, மாதந்தோறும் இப்படி இரண்டு மூன்று பேர் செல்வதே குருதி வங்கிக்குத் தேவை.